பனிநாட்டில் ஐந்து நாற்காலிகள்

அவைத்தலைவர் அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் தந்த நூலகச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் கைத்தடியோடு வந்து அமர்ந்திருக்கும் என் தமிழாசிரியர் ஐயா அவர்களே, தாய்மார்களே, நண்பர்களே, வணக்கம். காய்ச்சலைப் பொருட்படுத்தாமல் தலைவர் வந்திருக்கிறார். அந்தப் பெருமனதுக்கு நம் எல்லோருடைய நன்றி.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். ஜப்பானில் நீகாட்டா மூன்றாம் தொகுதி என்று ஒன்று இருந்தது. 1947 முதல் 1993 வரை நாடாளுமன்றக் கீழவைக்கு ஐந்து உறுப்பினர்களை அனுப்பியது. கட்சி வாங்கும் வாக்கின் பங்குக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசார முறை நமக்கு ஏன் வேண்டும் என்பதற்காக, அதன் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு செய்தி. அந்தப் பக்கம் பனி ஆள் உயரத்துக்கு மேல் கொட்டும். பாதை மூடிவிட்டால் மலைக்கிராமத்து நோயாளியை முதுகில் சுமந்துதான் இறக்க வேண்டும். அந்த மக்கள் முன் ஓர் இளைஞர் எழுந்து நின்றார். தனாகா காக்குயே. “மிக்குனி மலையை வெட்டிச் சாய்ப்போம், பனிமேகம் அந்தப் பக்கம் போய்விடும். வெட்டிய மண்ணைக் கடலில் கொட்டி சாடோ தீவை நம் கரையோடு இணைப்போம்” என்ற பொருளில் அவர் முழங்கியதை இன்றும் சொல்கிறார்கள். மலை அப்படியேதான் நிற்கிறது. ஆனால் சுரங்கப்பாதை வந்தது, 1982இல் அதிவேக ரயிலும் வந்தது. பனியில் நின்ற கிழவியின் குறையைக் காதுகொடுத்துக் கேட்ட மனிதரை அந்த ஊர் மறக்கவில்லை. 1972இல் அவர் பிரதமரானார்.

1983 அக்டோபரில், லாக்ஹீட் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் லஞ்ச ஊழல் வழக்கில் தனாகாவுக்கு நான்காண்டுச் சிறை என்று தீர்ப்பு. டிசம்பரில் தேர்தல். சீட்டில் வேட்பாளர் பெயரை வாக்காளர் தம் கையாலேயே எழுத வேண்டும். தனாகா, தனாகா என்று எழுதினார்கள், 2,20,761 பேர்!

இங்கேதான் என் நெஞ்சு கொதிக்கிறது. ஐந்து இடமுள்ள தொகுதியில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினாலே வெற்றி உறுதி. அவர் வாங்கியதோ பாதியை நெருங்கியது. மிஞ்சிய வாக்கு எங்கே போனது? எங்கும் போகவில்லை. ஐந்து நாற்காலி இருந்தும் ஆளுக்கு ஒரே வாக்கு, அதை இன்னொருவருக்கு மாற்றவும் வழியில்லை. ஒரே கட்சிக்காரர்கள் தங்களுக்குள்ளேயே மோதினார்கள். ஆளுக்கொரு ஆதரவாளர் மன்றம், ஆளுக்கொரு பணப்பெட்டி. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டிய இடத்தில் ஐந்து வடத்தை ஐந்து திசையில் இழுத்தார்கள். விகிதாசார முறை இருந்திருந்தால் ஒவ்வொரு கைக்கும் ஒரு பிடி வடம் கிடைத்திருக்கும்.

1994இல் சட்டம் மாறியது, அந்த ஐந்து நாற்காலித் தொகுதியும் மறைந்தது. கீழவையில் 200 இடங்களை விகிதாசாரத்துக்கு ஒதுக்கினார்கள். இன்று அது 176 ஆகச் சுருங்கிவிட்டது. இங்கே ஒரு வாக்கும் வீணாகக் கூடாது என்றுதான் விகிதாசார முறை கேட்டு நாம் அனுப்பும் மனுவை வாசலில் மேசைமீது வைத்திருக்கிறோம். பேனாவும் இருக்கிறது. ஐயா அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கிவைக்க வேண்டுகிறேன்.