வீட்டை எந்த மாதம் விற்கலாம்? பால் காய்ச்சும் நாளிலிருந்து பின்னால் எண்ணுங்கள்

வணக்கம். இன்றைக்கு மொட்டை மாடியில் நின்று பேசுகிறேன். எனக்குப் பின்னால் தெரிவது சேர்வராயன் மலை. நடுவில் மேளச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதம், சேலம், எட்டுப் பேட்டையிலும் மாரியம்மன் பண்டிகை. சத்தம் இல்லாத தெரு கிடைக்காது.

நேற்று ராத்திரி சித்தி போன் செய்தார். அம்மாபேட்டை வீட்டை விற்றுவிட்டு மகனோடு கோயம்புத்தூர் போய்விடலாம் என்று முடிவு எடுத்திருக்கிறார். "ஆடியில யாரு கண்ணு வீடு பார்க்க வருவாங்க? தை பிறக்கட்டும், அப்புறம் புரோக்கர்கிட்ட சொல்லிக்கலாம்னு இருக்கேன்" என்றார். "தையில் விற்க வேண்டும் என்றால் நாளைக்கே வேலையை ஆரம்பியுங்கள் சித்தி" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நாங்கள் ஒரு முறை பட்டிருக்கிறோம்.

அப்பா போன பிறகு கன்னங்குறிச்சி வீட்டை விற்க முடிவு செய்தோம். தை முதல் வாரம் கேட்டில் போர்டு மாட்டினோம். பத்தே நாளில் ஆள் வந்தார்கள். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். பின்னால் நிற்கிற மல்கோவா மரத்தைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்கவில்லை. விலை பேசி முடித்து, முன்பணம் காசோலையாகத் தந்தார்கள். தை முடிவதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. அப்புறம்தான் அவர்களுடைய வங்கி வக்கீல் கேட்க ஆரம்பித்தார். வாரிசுச் சான்று எங்கே? பட்டா ஏன் இன்னும் பல பேர் பெயரில் சேர்ந்திருக்கிற தாத்தா காலத்துக் கூட்டுப் பட்டாவாகவே இருக்கிறது? உங்கள் பங்கைத் தனியாக அளந்து உட்பிரிவு செய்தீர்களா? ஒன்றும் எங்களிடம் இல்லை. அண்ணனும் நானும் தாலுகா அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடந்தோம். சர்வேயர் வந்து அளந்தபோது மாசி பாதி போய்விட்டது. அவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு வீடு முடித்துக்கொண்டார்கள். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அவர்கள்மேல் தப்பே இல்லை. வீடு எட்டு மாதம் பூட்டிக் கிடந்து ஐப்பசியில் விலை போனது, இரண்டு லட்சம் குறைவாக.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. வீடு வாங்குகிறவருக்கு இரண்டு நாள் முக்கியம். ஒன்று பத்திரம் பதிகிற நாள். இன்னொன்று பால் காய்ச்சுகிற நாள். நம் பக்கத்தில் புதுமனை புகுவிழாவுக்கு ஆனி, ஆடி, புரட்டாசி, மார்கழி, மாசி, பங்குனி ஆறையும் ஒதுக்குகிறார்கள். சித்திரை, வைகாசி, ஆவணி, ஐப்பசி, கார்த்திகை, தை மட்டும்தான் மிச்சம். இதில் நம்பிக்கை உங்களுக்கு இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை, வாங்குகிறவர் வீட்டுப் பெரியவர்களுக்கு இருக்கும். பத்திரத்துக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. ஆடியிலேயே பதினெட்டாம் பெருக்கு அன்றைக்குப் பதிவு அலுவலகத்தில் கூட்டம் நிற்கும். முகூர்த்த நாட்களில் ஒரு சார்பதிவாளர் இருக்கிற அலுவலகத்துக்கு 100 டோக்கனுக்குப் பதில் 150 டோக்கன் என்று துறையே உயர்த்தித் தருகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, சித்தியின் கணக்குக்கு வருவோம். தையில் பால் காய்ச்ச வேண்டும் என்று நினைக்கிற குடும்பம் எப்போது வீடு தேடும்? கடன் வாங்குகிறவராக இருந்தால் ஒப்பந்தம் போட்டதிலிருந்து வங்கிப் பணம் கைக்கு வர ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். மார்கழியில் பத்திரம் போடப் பலர் தயங்குவார்கள், ஆனால் வங்கி வேலைக்கு மார்கழி கிடையாது. ஆகவே ஒப்பந்தம் கார்த்திகையில் விழ வேண்டும். அப்படியென்றால் வீடு பார்க்க வருவது ஐப்பசியில். தீபாவளி போனஸ், சீட்டுப் பணம் எல்லாம் கையில் புரளுகிற நேரமும் அதுதான். இது சின்ன விஷயம் இல்லை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் வாங்குகிறவர் தலையில் விழுகிறது. 50 லட்சம் வீட்டுக்கு நாலரை லட்சம். வங்கி பெரும்பாலும் இதற்குக் கடன் தராது, ரொக்கமாக அவரே புரட்ட வேண்டும். அவர் கையில் பணம் இருக்கிற மாதம் எது என்று யோசியுங்கள், பஞ்சாங்கத்துக்குச் சமமாக அதுவும் முக்கியம்.

ஐப்பசியில் ஆள் வர வேண்டும் என்றால் ஆடியும் ஆவணியும் காகித வேலைக்கு. சொத்தின்மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாவற்றையும் காட்டுகிற வில்லங்கச் சான்றிதழை 30 வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள், வாங்குகிறவரின் வங்கி எப்படியும் கேட்கும். பட்டா உங்கள் பெயரில் இருக்கிறதா, சொத்து வரி, தண்ணீர் வரி, மின் இணைப்பு எல்லாம் யார் பெயரில் இருக்கிறது, கட்டட வரைபட அனுமதி எங்கே என்று ஒவ்வொன்றாக எடுத்து வையுங்கள். வீட்டின்மேல் கடன் இருந்தால் இன்னும் முன்னதாகவே தொடங்குங்கள். கடனை முழுவதும் அடைத்த 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறை. விதி இருந்தாலும் அந்த ஒரு மாதத்தை உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தை எல்லா வீட்டுக்கும் நல்ல மாதம் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் வீட்டின் பலம் எந்த மாதத்தில் தெரியும்? நம் ஊரில் வாங்க வருகிறவர் முதலில் தண்ணீரைத்தான் கேட்பார். காவிரித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, போர் எத்தனை அடி, கோடையில் வற்றுமா? சித்திரை வெயிலில் உங்கள் போர் நிற்காமல் ஓடுகிறது என்றால், சித்திரையிலேயே வீட்டைக் காட்டுங்கள். மோட்டாரைப் போட்டுக் காட்டினால் போதும், பேச்சே வேண்டாம். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் குடிவர நினைக்கிற குடும்பங்களும் அப்போதுதான் அலைந்துகொண்டிருப்பார்கள். எங்கள் மல்கோவா மரத்தில் காய் தொங்குவதும் அப்போதுதான். தையில் அந்த அம்மா வெறும் பூவைப் பார்த்தே மயங்கினார்கள்.

மழைக்காலத்தில் காட்டப் பலருக்குப் பயம். சுவரில் ஓதம் தெரிந்துவிடும் என்று, கோடையிலேயே பெயிண்ட் அடித்து மறைத்து விற்கச் சொல்கிற புரோக்கர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வாழ்நாள் சேமிப்பை எடுத்துக்கொண்டு ஒரு குடும்பம் வருகிறது. மாடித் தளத்தைச் சரிசெய்துவிட்டு, ஐப்பசி மழையிலேயே தைரியமாகக் கூப்பிடுங்கள். மழையில் ஒழுகாத வீட்டைக் கண்ணால் பார்த்தவர் விலையில் ரொம்ப இழுக்கமாட்டார்.

ஏற்காட்டில் வீடு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மே மாதம் கோடை விழாவுக்கு ஊரே மேலே ஏறும். பார்க்கிறவர் எல்லாம் விலை கேட்பார், இறங்கினதும் மறந்துவிடுவார். கார்த்திகைக் குளிரில், பனிமூட்டத்தில் 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி வந்து, ஈரம் ஏறிய சுவரையும் பார்த்துவிட்டு, "எவ்வளவு?" என்று கேட்கிறவர்தான் வாங்குகிறவர். வீட்டோடு காப்பித் தோட்டமும் இருந்தால் இன்னொரு சிக்கல். கார்த்திகையிலிருந்து தை வரை பழம் பறிக்கிற காலம். அந்த இடையில் ஒப்பந்தம் போட்டால் செடியில் நிற்கிற பழம் யாருக்கு என்று எழுத்தில் எழுதிவிடுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் சண்டை வரும். பறிப்பு முடிந்து, பூ எடுப்பதற்கு முன்னால் விற்பது இரண்டு பேருக்கும் நிம்மதி.

வரி பற்றிச் சுருக்கமாக. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டுக்கு நீண்ட கால மூலதன ஆதாய வரி, அதாவது விற்ற லாபத்தின்மேல் கட்டுகிற வரி, 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியதாக இருந்தால், பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் என்கிற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து, குறைவானதைக் கட்டலாம். விற்று இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினால் விலக்கு உண்டு. ஆனால் அதுவரை பணத்தை அந்த நிதியாண்டுக்கான கணக்குத் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள், அதாவது ஜூலை 31-க்குள், வங்கியில் இதற்கென்றே இருக்கிற மூலதன ஆதாயக் கணக்கில் போட வேண்டும். மார்ச் கடைசியில் பதிந்தால் நான்கு மாதம்தான் அவகாசம். ஏப்ரல் முதல் வாரம் பதிந்தால் அடுத்த வருட ஜூலை வரை நேரம். பத்து நாள் தள்ளிப்போட வாங்குகிறவர் சம்மதித்தால் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு முறை உட்கார்ந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நாளைக் காலையில் சித்தி வீட்டுக்குப் போகிறேன். பீரோவில் இருக்கிற பத்திரப் பையை வெளியே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். 1994-இல் வாங்கிய மனை அது. தாய்ப்பத்திரம், அதாவது விற்றவர் கையில் இருந்த முந்தைய பத்திரம், உள்ளே இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.