அக்கா காட்டிய தபால்தலை

நடுவர் அவர்களுக்கும் மதுரை மக்களுக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக வழக்குக்கு வருகிறேன்.

'போர்க்களத் தொண்டரை நிலைநிறுத்துவது அவர் பெற்ற மரியாதையா, வாழ்ந்த வாழ்வா?' என்பது தலைப்பு. வாழ்வே என்பது எங்கள் அணி. எனக்கு முன் பேசிய அக்கா, டாக்டர் கோட்னிஸின் தபால்தலைப் படத்தைத் தூக்கிக் காட்டி, "இது வந்திராவிட்டால் தம்பிக்கு அந்தப் பெயரே தெரிந்திருக்காது. பரிவட்டம் கட்டினால்தானே ஊரில் பெரியவர் யாரென்று தெரியும்!" என்று ஒரு போடு போட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். இதற்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கமாட்டேன்.

அக்கா, பரிவட்டம் கட்டியதால் அவர் பெரியவரா? பெரியவர் என்பதால் பரிவட்டமா?

துவாரகாநாத் கோட்னிஸ் சோலாப்பூர்க்காரர். ஜப்பானியப் படையெடுப்பில் சீனா ரத்தம் சிந்திய 1938ஆம் ஆண்டில், சுபாஷ் சந்திர போஸ் காங்கிரஸ் தலைவராக இருந்தபோது அனுப்பப்பட்ட ஐந்து மருத்துவர்களில் ஒருவர். வயது 27. போன இடத்தில் தந்தை இறந்த செய்தி வந்தது. அவர் ஊர் திரும்பவில்லை. அப்பாவின் காரியத்துக்கு வராத பிள்ளையை நம் ஊர் என்னென்ன பேசும்! அந்தப் பேச்சுக்கும் துணிந்துதான் காயம்பட்டவர்களின் பக்கத்தில் நின்றார்.

1940இல் நீண்டதொரு சண்டை. தூக்கமே இல்லாமல் 72 மணி நேரம் வரை அறுவைச் சிகிச்சை செய்தார் என்கிறார்கள். 72 மணி நேரம் என்றால் என்ன? மதுரைக் கணக்கில் சொல்கிறேன். மீனாட்சி திருக்கல்யாணத்துக்கு வந்து நில்லுங்கள். உட்காரக் கூடாது. மறுநாள் தேர்; கண்ணை மூடக் கூடாது. எதிர்சேவை, வெறும் தரையில்கூடச் சாயக் கூடாது. அழகர் ஆற்றில் இறங்கி வண்டியூர் போய்ச் சேரும்வரை நில்லுங்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டு அல்ல, கையில் கத்தியோடு! கத்தி ஒரு நூல் பிசகினால் ஓர் உயிர். நாம் திருக்கல்யாண விருந்து முடிந்ததுமே திண்ணை தேடுகிறவர்கள். அந்தச் சண்டையில் மட்டும் அவர் சிகிச்சை அளித்தவர்கள் 800 பேருக்கு மேல். அந்த 800 பேரில் ஒருவராவது, "டாக்டர், உங்களுக்குப் பரிவட்டம் கட்டிவிட்டார்களா?" என்று கேட்டிருப்பாரா அக்கா?

பெத்யூன் சர்வதேச அமைதி மருத்துவமனையின் இயக்குநர் ஆனார். அங்கே செவிலியர் பயிற்சி தந்துகொண்டிருந்த குவோ சிங்லானை மணந்தார். 1942 ஆகஸ்ட்டில் மகன் பிறந்தான். பெயர் யின்ஹுவா. யின் என்றால் இந்தியா, ஹுவா என்றால் சீனா. இரண்டு நாடுகளைச் சேர்த்து ஒரு தொட்டிலில் போட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு நான்கு மாதம்கூட நிறையவில்லை. டிசம்பர் 9 அன்று வலிப்பு நோய் தகப்பனைக் கொண்டுபோய்விட்டது. 32 வயது.

யின்ஹுவாவும் மருத்துவம் படித்தான். படிப்பு முடியும் தறுவாயில், 1967இல், அவனும் போய்விட்டான்.

அக்கா, நீங்கள் காட்டிய தபால்தலையைச் சீனா வெளியிட்டது 1982இல். இந்தியா வெளியிட்டது 1993இல். அப்போது குவோ சிங்லான் உயிரோடு இருந்தார். கணவனையும் கொடுத்து, பெற்ற பிள்ளையையும் கொடுத்துவிட்டு நின்ற அந்தத் தாயின் கையில் ஒரு தபால்தலையை வைத்து, "அம்மா, உங்கள் வீட்டுக்காரரைப் பெரியவர் ஆக்கியது இதுதான்" என்று சொல்ல உங்களுக்கு மனம் வருமா? எனக்கு வரவில்லை, நடுவர் அவர்களே.

வணக்கம்.