சோறும் அதை எரிக்கும் திறனும்

அவையோருக்கு வணக்கம். மனித உணவின் அடிப்படைகளையும் வளர்சிதை மாற்றத்தையும் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 கலோரி என்ற கணக்கு பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. அதைத் திரும்பச் சொல்வதால் யாருக்கும் பயனில்லை. கலோரிக் கணக்கு எங்கே பொய்த்துப்போகிறது என்பதைச் சொன்னால் உடல் எப்படி இயங்குகிறது என்பதும் தானாகவே விளங்கும். வயிறு நிறையச் சோறு உண்டவர்கள் கால் விளங்காமல் போய், இதயம் வீங்கி இறந்த ஒரு வரலாறு உண்டு. இன்று அதையே எடுத்துக்கொள்கிறேன்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில், நரம்புகளையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோய்க்கு இரையாயினர். அதே நாட்டில், அதே வெயிலிலும் மழையிலும் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்களிடம் அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. மலாயாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் மருத்துவராக இருந்த பிராடன் என்ற ஆங்கிலேயர் இந்த வேறுபாட்டை உற்று நோக்கினார். சீனர்கள் உண்டது சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து வந்த, ஆலையில் வெள்ளையாகத் தீட்டப்பட்ட பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. மலாய்ச் சிற்றூர்களில் இருந்தவர்களோ தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது வீட்டிலேயே குத்தி உண்டார்கள். அவர்களையும் நோய் பெரும்பாலும் அண்டவில்லை. பிராடன் அரிசியைச் சரியாகக் குற்றம் சாட்டினார், காரணத்தைத்தான் தவறவிட்டார். பழைய வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு உருவாகிறது என்பது அவர் எண்ணம்.

கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் 1905ஆம் ஆண்டில் பிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். கட்டடத்தின் குறைபாடோ என்ற ஐயம் எழாதபடி இடையில் இரு பிரிவினரையும் இடம் மாற்றினார். நோய் கட்டடத்தோடு தங்கிவிடவில்லை. பச்சரிசி உண்டவர்களோடு சென்றது. பின்னர் பிரேசர், ஸ்டான்டன் என்ற இரு ஆய்வாளர்கள் சாவகத் (ஜாவா) தொழிலாளர்களிடையே நடத்திய சோதனையும் இதையே உறுதிப்படுத்தியது. அறிந்தே ஒரு பிரிவினரைத் தீங்குக்கு உட்படுத்திய இத்தகைய சோதனைகளை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

சாவகத் தீவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் இதற்கு முன்பே, தீட்டிய அரிசி உண்ட கோழிகளுக்கு இதே போன்ற நரம்பு நோய் வருவதைக் கண்டிருந்தார். அவரும் முதலில் நஞ்சையே சந்தேகித்தார். உடனிருந்து ஆய்வைத் தொடர்ந்த கிரைன்ஸ் என்பவர்தான் 1901இல், அரிசியில் கெட்ட பொருள் ஒன்று சேரவில்லை, தேவையான பொருள் ஒன்று நீங்கிவிட்டது என்று விளக்கினார். இல்லாத ஒன்று நோயை உண்டாக்கும் என்பதை, நோய்க்குக் காரணம் கிருமியே என்னும் கிருமிக் கொள்கை கொடிகட்டிப் பறந்த அந்நாளில் ஏற்றுக்கொள்வது எளிதாக இருக்கவில்லை. 1926இல் யான்சன், டோனத் என்ற ஆய்வாளர்கள் அரிசித் தவிட்டிலிருந்து அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். தயமின் அல்லது வைட்டமின் பி1 என்று நாம் அழைப்பது அதைத்தான்.

இனி உடலுக்குள் செல்வோம். சோற்றிலுள்ள மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாகப் பிரிந்து, இரத்தத்தில் கலந்து, உயிரணுக்களை அடைகிறது. அங்கே ஒவ்வொரு குளுக்கோஸ் மூலக்கூறும் பைருவேட் என்ற இரண்டு சிறு மூலக்கூறுகளாக உடைகிறது; இந்தக் கட்டத்தில் கிடைக்கும் நிகர ஆற்றல் உயிரணு ஆற்றலைச் செலவிடும் நாணயமான ஏடிபி மூலக்கூறுகள் இரண்டே இரண்டுதாம். பைருவேட், உயிரணுவின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்து முழுவதுமாக எரிந்தால், மொத்தம் சுமார் 30 ஏடிபி கிடைக்கும். அந்த நுழைவாயிலில் நிற்கும் நொதி தயமின் இல்லாமல் வேலை செய்யாது. உள்ளே எரிதல் தொடரும் சிட்ரிக் அமிலச் சுழற்சி என்ற வேதிவினைத் தொடரிலும் தயமினைச் சார்ந்த இன்னொரு நொதி இருக்கிறது. தயமின் தீர்ந்தால், ஆலை வாசலில் நெல் மூட்டைகள் தேங்குவதுபோல் பைருவேட் தேங்கி, லாக்டிக் அமிலமாக மாறி இரத்தத்தில் பெருகுகிறது. குளுக்கோஸைப் பெரிதும் நம்பி வாழும் நரம்புகளும், நொடியும் ஓயாத இதயமும் முதலில் தளர்கின்றன. கால் மரத்துப்போவது ஒரு வகை பெரிபெரி. இதயம் தளர்ந்து உடலில் நீர் கோத்துக்கொள்வது மற்றொரு வகை.

இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மாவுச்சத்து எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவுக்குத் தயமினின் தேவையும் கூடுகிறது. கொழுப்பு, பைருவேட் என்ற முதல் வாயிலைத் தொடாமலே எரிவதால் அதற்குத் தேவை குறைவு. ஆகவே கடும் உழைப்பாளி, குழம்பும் பருப்பும் வாய்க்காமல், பசியடங்க வெள்ளைச் சோற்றையே மேலும் மேலும் உண்டால், அந்தக் கூடுதல் சோறே அவருடைய குறையைப் பெருக்கிவிடும். வளர்ந்த ஒருவருக்கு நாளுக்குத் தேவைப்படும் தயமின் ஒரு மில்லிகிராமுக்குச் சற்றே மேல். உடலின் மொத்த இருப்பு சுமார் 30 மில்லிகிராம். உணவில் வரத்து நின்றால் இரண்டு மூன்று வாரங்களில் தட்டுப்பாடு தொடங்கிவிடும்.

புழுங்கலரிசி எப்படிக் காப்பாற்றியது? தயமின் பெரும்பாலும் தவிட்டிலும் முளைப்பகுதியிலும் இருக்கிறது. பச்சை நெல்லைத் தீட்டும்போது அவற்றோடு போய்விடுகிறது. நெல்லை ஊறவைத்து உமியோடு அவிக்கும்போது, நீரில் கரையும் இயல்புடைய தயமினில் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்குள் நகர்கிறது; மாவுச்சத்தும் வெந்து இறுகுவதால் உள்ளேயே தங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் களைந்தாலும் இழப்பு குறைவு. இதைக் கேட்டதும் நம் முன்னோர் வைட்டமினை அறிந்திருந்தனர் என்று முழங்க வேண்டியதில்லை. குத்தும்போது அரிசி நொறுங்காமல் இருப்பதும், நெடுநாள் கெடாமல் இருப்பதும் அவர்கள் கண்ட பயன்கள். உயிர் காத்தது உடன் வந்த நன்மை. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடாது.

நம் மாநிலத்துக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. ஹைதராபாத்தில் இன்று இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில், மக்கரிசன் என்பவரின் கீழ், பெரிபெரி ஆய்வுப் பிரிவாகத்தான் பிறந்தது.

இன்றைய அடுக்களைக்கு வருவோம். பளபளப்பான பச்சரிசியை நாலைந்து முறை களைந்து, கஞ்சியை வடித்துக் கொட்டினால், எஞ்சியிருந்த தயமினிலும் பெரும்பங்கு போய்விடும். பருப்பு விரைவில் வேகட்டும் என்று ஆப்பசோடா போடுவதும் தயமினை அழிக்கும். ஆனால் பருப்பு, உளுந்து, வேர்க்கடலை, சிறுதானியம் ஆகியவை தட்டில் இருக்கும் வீட்டில் வெள்ளைச் சோற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சோற்றையே நஞ்சென்று பேசும் இக்காலத்து வழக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. நாள்தோறும் குடிப்பவர்கள் உணவைக் குறைக்கிறார்கள். மதுவோ குடல் தயமினை உறிஞ்சுவதையும் தடுக்கிறது. கருவுற்ற காலத்தில் வாரக்கணக்கில் விடாது வாந்தி எடுப்பவர்களுக்கும், உடல் எடையைக் குறைக்க இரைப்பை அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இதே குறை நேரலாம். இத்தகையோர் சோர்ந்து மருத்துவமனைக்கு வரும்போது வெறும் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் சிறிது தயமினும் செலவாகி, நினைவு குழம்பி, கண்ணசைவு தடுமாறி, மூளைக்கே நிலையான தீங்கு நேரக்கூடும். குளுக்கோஸுக்கு முன்னரோ அதனுடனோ தயமின் ஊசியும் போடப்படுவது இதனால்தான். நோயாளியின் குடிப்பழக்கத்தையும் வாந்தியையும் உடன் வந்தவர்கள் கூசாமல் மருத்துவரிடம் சொல்லிவிட்டால், மலிவான அந்த ஊசி உரிய நேரத்தில் கிடைத்துவிடும்.