கட்டத்தாளில் ஒரு மயில்

(துணி வடிவமைப்பு பயிலும் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், ஒரு திரைச்சீலைக்காக நான் மயில் ஒன்றை வரைந்தேன். கட்டத்தாளில் கழுத்தை நிமிர்த்தி நின்ற அந்த மயில், தறியிலிருந்து இறங்கும்போது வாத்தைப் போலக் குறுகிக் கிடந்தது. நெய்த பெரியவர் கோபிக்கவில்லை, "அங்குலத்துக்குப் பாவு எத்தனை, ஊடை எத்தனைன்னு பார்த்தீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

நான் பார்த்திருக்கவில்லை. கட்டத்தாளில் நெடுக்கே ஓடும் ஒவ்வொரு வரிசையும் ஒரு பாவு இழை. குறுக்கே ஓடும் ஒவ்வொன்றும் ஓர் ஊடை இழை. அந்தத் துணியில் அங்குலத்துக்குப் பாவு 60, ஊடை 80. நான் 240 கட்டத்துக்கு 240 கட்டம் என்று சதுரமாக வரைந்தது, துணியில் நான்கு அங்குல அகலமும் மூன்றே அங்குல உயரமுமாக விழுந்துவிட்டது. மயில் மயிலாகவே நிற்க, உயரத்தில் 320 வரிசை வேண்டியிருந்தது.

துணி வடிவமைப்பாளர் என்றதும், சட்டைக்கும் சுடிதாருக்கும் வெட்டும் அளவும் சொல்பவர் என்று பலரும் எண்ணுகிறார்கள். அது ஆடை வடிவமைப்பாளரின் வேலை; அவர் வேலை தொடங்கும் முன்பே நம் வேலை முடிந்திருக்க வேண்டும். எந்த நூல், எத்தனையாம் நம்பர் (அதாவது நூலின் பருமன்), என்ன நெருக்கம், எந்த நெசவு, எங்கே எந்த நிறம் என்று தீர்மானிப்பதே நம் வேலை. ஆகவே நாம் வரைவதைப் படம் என்று சொல்வதைவிட, தறிக்கு எழுதும் கட்டளை என்று சொல்வதே பொருந்தும். 1804இல் பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய தறிப் பொறி இதைக் கண்முன் காட்டும். துளையிட்ட ஓர் அட்டை, ஒரு முறை ஊடை பாய்வதற்கான கட்டளை. என் மயிலுக்கு 320 அட்டை தேவை என்றால், 320 முறை எந்தப் பாவு எழும்ப வேண்டும், எது தாழ்ந்திருக்க வேண்டும் என்று நான் முடிவு செய்தாக வேண்டும். இன்று அட்டைக்குப் பதிலாகக் கணினிக் கோப்பு வந்துவிட்டது. முடிவு செய்யும் பொறுப்பு மட்டும் எங்கும் போய்விடவில்லை. இழையைக் குறுக்கு இழைகளோடு கோக்காமல் நீளமாக மிதக்க விட்டால், கணினித் திரையில் பளபளப்பாகத் தெரியும். உடுத்தினால் வளையலிலும் மெட்டியிலும் மாட்டி இழுக்கும்.

நிறத்திலும் இதே கதைதான். மயில்கழுத்து நிறத்தை எந்தச் சாயத்தொட்டியிலும் முக்கி எடுத்துவிட முடியாது; பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறொரு நிறமும் ஓடி, வெளிச்சம் படும் பக்கத்துக்கு ஏற்ப மாறி மாறித் தெரிவது அது. கணினித் திரையில் இதைச் சரியாகக் காட்டியவரை நான் இன்னும் பார்க்கவில்லை. நூலைக் கையில் எடுத்துச் சிறு மாதிரியாக நெய்து பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது.

காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலுக்கு ஓர் ஊடை, இரு கரைகளுக்கும் தனித்தனி ஊடை என்று, ஊடை இழையை ஏந்திச் செல்லும் மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. உடலும் கரையும் சந்திக்கும் இடத்தில் இழைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன. இதற்குத் தறியில் இன்னொருவரும் உட்கார வேண்டும். கோபுரக் கரை கேட்டு ஒரு கோடு வரையும்போதே, இன்னொரு மனிதரின் நாள்கணக்கான உழைப்பையும் நீங்கள் எழுதிவிடுகிறீர்கள். விலை ஏன் ஏறுகிறது என்று கடைக்காரர் கேட்கும்போது விடை சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

எங்கே படிப்பது என்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1960இல் தொடங்கப்பட்ட சேலம் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம், சென்னையிலுள்ள தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம், 1961இல் அகமதாபாத்தில் உருவான தேசிய வடிவமைப்பு நிறுவனம் ஆகியவை பலரும் அறிந்தவை. எங்கே சேர்ந்தாலும், காஞ்சிபுரத்திலுள்ள நெசவாளர் சேவை மையத்துக்கு ஒருமுறையேனும் போய்ப் பாருங்கள். வேலை என்றால், கரூரில் வீட்டு உபயோகத் துணிகளும் திருப்பூரில் பின்னலாடையும் இருக்கின்றன. ஆனால் பின்னலில் பாவும் ஊடையும் கிடையாது, அங்கே இழை கண்ணியாகத்தான் ஓடும் என்பதால், தறியில் கற்ற கணக்கை அப்படியே கொண்டுபோக முடியாது.

வீட்டில் சொல்லித்தராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புகள் சட்டப்படி, பதிவு செய்த புதிய வடிவத்துக்குப் பத்தாண்டுப் பாதுகாப்பு உண்டு. மேலும் ஐந்தாண்டு நீட்டிக்கலாம். ஆனால் கடைக்கும் கண்காட்சிக்கும் அனுப்பி ஊரறிந்த பிறகு விண்ணப்பித்தால், அது புதியது என்று ஏற்கமாட்டார்கள். என் வடிவம் ஒன்று நான் பார்த்திருக்கவே வேறொருவர் தறியில் ஓடியது; பதிவு செய்யாமல் விட்டது என் தவறு.

மேசையில் மூன்று துணித் துண்டுகளும் ஒரு பூதக்கண்ணாடியும் வைத்திருக்கிறேன். கேள்விகளுக்குப் போகும் முன், ஒவ்வொருவராக வந்து அங்குலத்துக்குப் பாவும் ஊடையும் எண்ணி, எண்ணிக்கையைத் தாளில் எழுதிக் கொடுங்கள்.