சதுர அடிக்கு இரண்டரை சென்ட்: லாஸ் ஏஞ்சலீஸ் மழைநீருக்குப் பணம் வந்த வழி

[காட்சி: பெரிய கடை ஒன்று, அதைச் சுற்றித் தார் போட்ட வாகன நிறுத்துமிடம். மழை பிடிக்கிறது.]

இந்த வாகன நிறுத்துமிடம் 1 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். இதன் மேல் 1 அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர் தண்ணீர் விழும். தாரும் சிமென்ட்டும் அதை மண்ணுக்குள் விடாது. தெருவுக்கு ஓடி, தாழ்வான இடங்களில் முழங்கால் அளவுக்கு நின்று, வடிகாலில் விழுந்து, சில மணி நேரத்தில் கடலுக்குப் போய்விடும். இப்படி மழையைக் கடலுக்கு விடும் அதே லாஸ் ஏஞ்சலீஸ், சுமார் 375 கி.மீ. நீளமுள்ள கால்வாய் ஒன்றை 1913-இல் வெட்டி, ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து தண்ணீர் கொண்டுவருகிறது. அது போதாமல் கொலராடோ ஆற்றிலிருந்தும், கலிஃபோர்னியாவின் வடபகுதியிலிருந்தும் வருகிறது.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் கவுண்டியைப் பற்றித்தான் பேசுகிறோம். கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி. ஏறத்தாழ 1 கோடி மக்கள், 88 நகரங்கள். வெள்ளத்தைக் குறைத்து, அதே தண்ணீரை நிலத்துக்குள் இறக்கும் வேலைக்கு இவ்வளவு நகரங்கள் எப்படிச் சேர்ந்து பணம் திரட்டின என்பதுதான் இந்த வீடியோ.

[காட்சி: பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள், உடைந்த பாலம், சேற்றில் புதைந்த வீடுகள்.]

மலைக்கும் கடலுக்கும் இடையே தூரம் குறைவு. லாஸ் ஏஞ்சலீஸ் ஆறு 82 கி.மீ. ஓட்டத்தில் சுமார் 240 மீட்டர் இறங்குகிறது. மழை பெரும்பாலும் குளிர்காலத்தில் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். 1914 வெள்ளத்துக்குப் பிறகு, 1915-இல் கவுண்டிக்கென்று வெள்ளக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. 1938 மார்ச் வெள்ளத்தில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு ராணுவப் பொறியாளர் படை ஆற்றின் பெரும்பகுதியைக் கான்கிரீட்டால் கட்டியது. உயிர்கள் பலியான பின் எடுத்த முடிவு அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆற்றுப் படுகையில் தண்ணீர் ஊறுவதும் அதோடு குறைந்தது.

நல்ல வேளை, வாரியம் வெள்ளத்தை வடிப்பதோடு நிற்கவில்லை. மலையில் 14 பெரிய அணைகள், அவற்றுக்குக் கீழே 27 நீர்ப்பரப்பு நிலங்கள். இந்த நிலங்களைக் கசிவுநீர்க் குட்டைகளின் பெரிய வரிசை என்று புரிந்துகொள்ளலாம்.

[காட்சி: சான் கேப்ரியல் ஆறு, ஊதி எழும் ரப்பர் அணை, அருகே அடுக்கடுக்காகக் குட்டைகள். பிறகு மண்ணின் குறுக்குவெட்டுப் படம்.]

இது எப்படி வேலை செய்கிறது? புயலின்போது அணைகள் வெள்ளத்தைத் தாங்குகின்றன. மழை ஓய்ந்ததும் மதகைத் திறந்து, குட்டைகள் குடிக்கும் வேகத்துக்கு ஏற்றபடி கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள். ஆற்றின் குறுக்கே ரப்பர் அணையை ஊதி நிமிர்த்தி, தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்புகிறார்கள். கீழே மணலும் சரளையும் இருப்பதால் அது ஊறி இறங்குகிறது. வண்டல் படிந்தால் அடி அடைத்துக்கொள்ளும். அப்போது குட்டையைக் காயவைத்துச் சுரண்டி எடுக்க வேண்டும். இந்தப் பராமரிப்பு நின்றால், நிலத்துக்குள் தண்ணீர் சேர்க்கும் செறிவூட்டலும் நின்றுவிடும்.

இடம்தான் இங்கே முக்கியம். பிக்கோ ரிவேரா, மான்டெபெல்லோ ஊர்களை ஒட்டிய பகுதியில் தண்ணீரைத் தடுக்கும் களிமண் அடுக்கு அவ்வளவாக இல்லை. மேலே விட்ட தண்ணீர் ஆழத்திலுள்ள நீர்ப்படுகை வரை போகும். அங்கிருந்து தெற்கே போகப்போகக் களிமண் அடுக்குகள் மூடிக்கொள்கின்றன. அங்கே குளம் வெட்டினாலும் ஆழத்துக்குத் தண்ணீர் சேராது. ஆனால் கிணறுகள் தெற்கேயும்தான் இருக்கின்றன. கடலோரத்து லாங் பீச் நகரம் தன் தண்ணீரில் பாதிக்கு மேல் கிணறுகளிலிருந்து எடுக்கிறது. அதாவது, தண்ணீரை இறக்க வேண்டியது ஒரு ஊரில், எடுப்பது இன்னொரு ஊரில். மேட்டு ஊரின் கூரைகளிலிருந்து ஓடும் நீரால் மூழ்குவதோ மூன்றாவது ஊர்.

ஒவ்வொரு நகராட்சியும் தன் எல்லைக்குள் தன் பணத்தைச் செலவழித்தால் இந்தக் கணக்கு ஒருநாளும் நேராகாது. பணத்தில் ஒரு பகுதி எல்லை தாண்டிப் பொதுவில் சேர வேண்டும்.

[காட்சி: வாக்குச் சீட்டு. திரையில்: 2013, 2018.]

2013-இல் கவுண்டி ஒரு மழைநீர்க் கட்டணத்தை முன்வைத்தது. பள்ளி நிர்வாகங்கள் உட்படப் பலர் எதிர்த்ததால் அது வாக்கெடுப்புக்கே போகவில்லை. 2018 நவம்பரில் "மெஷர் டபிள்யூ" என்ற பெயரில் புதிய வரி மக்கள் முன் வந்தது. இம்முறை அரசுக் கட்டடங்களுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் விலக்கு இருந்தது. கலிஃபோர்னியாவில் இத்தகைய தனிநோக்க வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். சுமார் 69 விழுக்காடு கிடைத்தது.

மனையில் தண்ணீர் இறங்காத பரப்பு எவ்வளவோ, அதற்குத்தான் வரி: சதுர அடிக்கு ஆண்டுக்கு 2.5 சென்ட் (100 சென்ட் ஒரு டாலர்). கூரையும் சிமென்ட் தரையும் சேர்ந்து 2,000 சதுர அடி உள்ள வீட்டுக்கு 50 டாலர். நாம் தொடக்கத்தில் பார்த்த 1 ஏக்கர் நிறுத்துமிடத்துக்கு 1,089 டாலர். புல்வெளிக்கும் தோட்டத்துக்கும் எதுவும் இல்லை. வெள்ளத்தை உண்டாக்கும் பரப்புக்கே விலை வைப்பதைவிட நியாயமான அளவுகோல் எனக்குத் தோன்றவில்லை. வருமானம் குறைந்த முதியோருக்கு விலக்கு உண்டு.

இப்படி ஆண்டுக்குச் சுமார் 28 கோடி டாலர் சேர்கிறது. அதில் 10 விழுக்காடு வாரியத்துக்கு. 40 விழுக்காடு, எங்கே வசூலானதோ அந்த நகராட்சிகளுக்கே திரும்புகிறது. மீதி 50 விழுக்காடு வட்டாரப் பங்கு. நகர எல்லைப்படி அல்லாமல், நீர் வடியும் போக்கின்படி பிரித்த 9 வடிநிலப் பகுதிகளுக்குப் போகிறது. இந்தப் பாதிதான் முழுத் திட்டத்தின் உயிர். அந்த 40 விழுக்காடு இல்லாமல் நகராட்சிகளின் ஆதரவைத் திரட்டுவது கடினமாக இருந்திருக்கும். இந்த 50 விழுக்காடு இல்லாவிட்டால் பெரிய திட்டம் ஒன்றுகூட நகர்ந்திருக்காது.

ஒவ்வொரு வடிநிலப் பகுதிக்கும் 17 பேர் கொண்ட குழு உண்டு. 7 இடங்கள் நகராட்சிகளுக்கு, 5 இடங்கள் நீர், கழிவுநீர், பூங்கா போன்ற துறைகளுக்கு, 5 இடங்கள் மக்கள் தரப்புக்கு. எந்த ஒரு தரப்பும் தனியாக முடிவெடுக்க முடியாது. திட்டங்களுக்கு 110-க்கு மதிப்பெண். 60 வாங்கினால்தான் பரிசீலனை. நீரின் தூய்மைக்கு 50, நீர் சேமிப்புக்கு 25, இயற்கை முறைகளுக்கு 15. வேறு நிதியும் உள்ளூர் ஆதரவும் திரட்டிக்கொண்டு வந்தால் 10. மீதி 10 சமூகப் பயன்களுக்கு; வெள்ளத் தணிப்பு அந்தப் பத்துக்குள் அடங்கும் பல பயன்களில் ஒன்று மட்டுமே. இது போதாது என்பது என் கருத்து. தண்ணீர் தேங்கும் தெருவில் குடியிருப்பவருக்கு முதல் கவலை வெள்ளம்தான்.

[காட்சி: விளையாட்டுத் திடல். அதன் அடியில் நிலத்தடித் தொட்டிகள் தெரியும் வரைபடம்.]

அதற்குச் சாட்சி, லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் ஒரு பகுதியான சன் வேலி. மழைநீர் வடிகால் சரியாக இல்லாததால் சிறு மழைக்கே அதன் தெருக்கள் ஆறாகும். பெரிய வடிகால் கட்டி ஆற்றில் தள்ளுவதே வழக்கமான தீர்வு. மாறாக, 2004-இல் முடிவான வடிநிலத் திட்டம் தண்ணீரை அங்கேயே பிடித்து இறக்கச் சொன்னது. 2006-இல் சன் வேலி பூங்காவின் திடலுக்கு அடியில், தெருநீரை வடிகட்டி மண்ணுக்குள் விடும் அமைப்பு வந்தது. 2010-இல் எல்மர் அவென்யூ என்ற ஒரே தெருவுக்கு அடியில், மேட்டுப் பக்கத்து 40 ஏக்கர் குடியிருப்பின் நீரை வாங்கும் ஊறல் அமைப்பு கட்டப்பட்டது. இவை மெஷர் டபிள்யூவுக்கு முந்தியவை. பல இடங்களில் மானியம் கேட்டுத் திரட்டிய பணத்தில் நடந்தவை. அந்த அலைச்சலுக்குப் பதிலாக ஆண்டுதோறும் வரும் நிதி இப்போது இருக்கிறது.

வேலை மெதுவாக நடக்கிறது என்ற குறை உண்மையானது. அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. இந்த வரிக்கு முடிவுத் தேதி இல்லை. ஆனால் விலைவாசிக்கு ஏற்ப அது உயரவும் செய்யாது. அன்று 2.5 சென்ட், என்றும் 2.5 சென்ட். சிமென்ட் விலையும் கூலியும் ஏறும். புதிதாகக் கட்டியவற்றைத் தூர்வாரும் செலவும் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் புதுத் திட்டங்களுக்கு மிஞ்சுவது சுருங்கும். நகராட்சிகள் தங்கள் 40 விழுக்காட்டைப் பராமரிப்புக்கு ஒதுக்குகின்றனவா என்பதை அவற்றின் ஆண்டுத் திட்டத்தில் பார்க்கலாம்.

இந்தக் கவுண்டியில் வசிப்பவர் என்றால், உங்கள் சொத்து வரி ரசீதில் இதற்கென்று தனி வரி இருக்கும்; எவ்வளவு என்று பாருங்கள். குழுக்களின் கூட்டங்கள் பொதுவில்தான் நடக்கின்றன. உங்கள் தெருவில் தண்ணீர் நிற்பதை அங்கே நேரில் சொல்லலாம்.