டெனோச்டிட்லானை வீழ்த்தியது மண்ணின் பகையே

நடுவர் அவர்களுக்கும் எதிரணி நண்பர்களுக்கும் அவையோருக்கும் என் வணக்கம். இன்றைய மெக்சிகோவில் இருந்த அஸ்டெக் பேரரசு வீழ்ந்ததற்குப் பெரிதும் காரணம் ஸ்பானியரின் படைபலமா, அந்த மண்ணின் மக்களுக்குள்ளேயே இருந்த பகையா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் எஃகு வாளையும் குதிரையையும் பீரங்கியையும் வரிசைப்படுத்தி, அம்மை நோயையும் தம் கணக்கில் சேர்த்துக்கொண்டு, கல்லாயுதம் எஃகின் முன் எப்படி நிற்கும் என்று கேட்டார். நடுவர் அவர்களே, அது நின்றது. நின்றதோடு வென்றும் காட்டியது.

1520 ஜூன் 30 அன்று இரவு, டெக்ஸ்கோகோ ஏரிக்கு நடுவே இருந்த அஸ்டெக் தலைநகர் டெனோச்டிட்லானைவிட்டு, மேற்குக் கரைக்குச் செல்லும் நீண்ட ஏரிப்பாதை வழியாக ஸ்பானியர் தப்பியோட முயன்றார்கள். பாதையை இடையிடையே வெட்டும் கால்வாய்களின் மேல் பாலம் இல்லை. இருபுறமும் ஓடங்களில் அஸ்டெக் வீரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மடியிலும் மூட்டையிலும் பொன்னைக் கட்டிக்கொண்டு ஓடியவர்கள் அந்தப் பாரத்தாலேயே நீரில் மூழ்கினார்கள். ஸ்பானியரில் பல நூறு பேர் மாண்டார்கள், பீரங்கிகள் எல்லாம் பறிபோயின. வாளும் குதிரையும் பீரங்கியும் கையில் இருந்தபோதே தோற்றோடிய ஒரு படை, பீரங்கிகளையும் இழந்தபின், பதினான்கே மாதங்களில் அதே நகரத்தைப் பிடித்தது எப்படி என்பதை எதிரணி விளக்கவே இல்லை.

விடை ட்லாஸ்கலாவில் இருக்கிறது. அஸ்டெக் ஆட்சிக்குட்பட்ட நிலங்களால் சூழப்பட்டிருந்தும் அடிபணியாமல் நின்ற நாடு அது. வணிகப் பாதைகளை அஸ்டெக்குகள் அடைத்துவிட்டதால், உப்பும் பருத்தியும் அந்த மக்களுக்கு எட்டாப் பொருள்களாகிவிட்டன. ஒரு தலைமுறையே உப்பில்லாத உணவை உண்டு வளர்ந்தது. 1519 செப்டம்பரில் ஸ்பானியப் படைத்தலைவர் கோர்டெஸை முதலில் எதிர்த்துக் கடுமையாகப் போரிட்டவர்களும் இவர்களே என்பதை மறந்துவிடக் கூடாது. போரிட்டுப் பார்த்து, எடைபோட்டு, அதன் பிறகே நட்பானார்கள். தோற்று ஓடிவந்த கோர்டெஸ் இவர்களிடம் தஞ்சம் புகுந்தபோது, புதிய அஸ்டெக் மன்னர் குயிட்லாவாக்கின் தூதர்களும் பழம்பகையை மறந்து ஒன்றுசேர்வோம் என்ற அழைப்போடு வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த பரிசுகளில் பருத்தித் துணியும் உப்பும் இருந்தன. அத்தனை ஆண்டுகள் மறுத்த உப்பைப் பகைவனின் முற்றத்தில் கொண்டுபோய் வைக்கும் நிலைக்கு ஒரு பேரரசு வந்துவிட்டதே என்று எண்ணும்போது என் நெஞ்சு கனக்கிறது. ட்லாஸ்கலாவின் படைத்தலைவர் இளைய ஷிகோடென்காட்ல் அந்த அழைப்பை ஏற்க வேண்டும் என்றார், பெரியவர் மாஷிஷ்காட்சின் கூடாது என்றார், அவை மறுத்துவிட்டது. அன்று அவர்கள் தலையசைத்திருந்தால் கோர்டெஸின் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அம்மை நோய்க்கு வருகிறேன். அதன் கொடுமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஏறத்தாழ எண்பது நாள்களே ஆண்ட குயிட்லாவாக்கை அது கொன்றது. ஆனால் கோர்டெஸின் உற்ற துணையான அதே மாஷிஷ்காட்சினையும் அதுவே கொன்றது. இரு தரப்பிலும் வீடு வீடாகப் புகுந்து உயிர் குடித்த நோயை ஸ்பானியரின் படைபலம் என்று எப்படிக் கணக்கெழுதுவது?

ஏரியின் நடுவே இருக்கும் நகரத்தைப் பிடிக்கக் கப்பல் வேண்டியிருந்தது. 13 சிறு கப்பல்களின் வடிவமைப்பு ஸ்பானியருடையது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவற்றின் மரங்கள் ட்லாஸ்கலாவில் வெட்டப்பட்டன. பலகைகளும் சட்டங்களும் மலை தாண்டி ஏரிக்கரை நகரமான டெக்ஸ்கோகோவுக்கு மனிதத் தோள்களில் வந்தன. சுமந்தவர்கள் 8,000 பேர் என்றும், அந்த வரிசை ஊருக்குள் நுழைந்து முடிய ஆறு மணி நேரத்துக்கும் மேலாயிற்று என்றும் கோர்டெஸே தம் மன்னருக்கு எழுதியிருக்கிறார். அந்த டெக்ஸ்கோகோ யாருடையது? மூன்று நகர அரசுகள் சேர்ந்த அஸ்டெக் முக்கூட்டணியில் டெனோச்டிட்லானின் சொந்தப் பங்காளி. 1515-இல் அதன் அரசர் இறந்தபின் எழுந்த வாரிசுச் சண்டையில் அன்றைய அஸ்டெக் மன்னர் மொக்டெசுமா ஒரு மகனின் பக்கம் நின்றார். ஒதுக்கப்பட்ட மற்றொரு மகன் இஷ்ட்லில்ஷோசிட்ல் தன் ஆட்களோடு கோர்டெஸின் பக்கம் போனார்.

முற்றுகையிலும் இதுவே நடந்தது. 1521 ஜூன் இறுதியில் நகருக்குள் புகுந்த ஸ்பானியர் படுதோல்வி அடைந்தார்கள். கோர்டெஸே பிடிபட இருந்து மயிரிழையில் தப்பினார். உடனே துணைப்படைகள் பெரும்பாலும் கலைந்து ஊர் திரும்பின. அவை திரும்பி வரும்வரை ஸ்பானியர் முன்னேற முடியாமல் முகாமிலேயே கிடந்தார்கள். அவர்களின் எண்ணிக்கை ஆயிரத்துக்கும் குறைவு. துணை நின்றவர்களோ பல்லாயிரம்.

இவர்களைத் துரோகிகள் என்று சொல்ல என் நாவு துணியாது. மெக்சிகோ என்ற ஒரே நாடு அன்று இல்லை. ஸ்பானியரோடு கூடி நின்ற மக்கள் தங்கள் மகன்களைப் பலிபீடத்துக்கும், விளைச்சலைத் திறைக்கும் கொடுத்துக் களைத்தவர்கள். தங்கள் போரைத் தாங்களே நடத்துவதாகத்தான் அவர்கள் நம்பினார்கள்.

முற்றுகையின்போது பகலில் இந்தத் துணைப்படையினர் வீடுகளை இடித்துக் கால்வாய்களைத் தூர்த்தார்கள். இரவில் நகரத்தார் மறுபடி வெட்டித் திறந்தார்கள். அப்போது, இடியுங்கள், நாங்கள் வென்றால் எங்களுக்காகவும், ஸ்பானியர் வென்றால் அவர்களுக்காகவும் இவற்றைத் திரும்பக் கட்டப்போவது நீங்கள்தான் என்று நகரத்தார் அவர்களைப் பார்த்துக் கூவியதைக் கோர்டெஸ் பதிவு செய்திருக்கிறார். ஆகஸ்ட் 13 அன்று மன்னர் குவாவ்டெமோக் ஓடத்தில் பிடிபட்டார். இடிபாடுகளின் மேல் ஸ்பானியருக்காகப் புதிய நகரம் எழுந்தபோது, கல் சுமந்தவர்கள் அந்த மண்ணின் மக்களே என்பதையும் கோர்டெஸே எழுதிவைத்திருக்கிறார். நன்றி, வணக்கம்.