தீசியஸ் நூல், இகாரஸ் சிறகு: சின்னப் பிள்ளைங்களோட ஒரு கிரேக்கக் கதை

வணக்கம் மக்களே. கிரேக்கப் புராணம் சொல்லித் தரணும்னு உக்காந்தா, நிறைய பேர் முதல்ல ஒரு சார்ட் ஒட்டிடறாங்க. ஸியூஸ், ஹீரா, பொசைடன்னு 12 ஒலிம்பஸ் தெய்வங்க, பக்கத்துல ஒரு மின்னல், ஒரு சூலம். 5 வயசுப் பிள்ளைக்கு அது வெறும் பேர்ப் பட்டியல். சார்ட்டைக் கழட்டின மறுநாளே மறந்துடும். ஒரே ஒரு கதையை எடுங்க. அந்தக் கதை எந்த இடத்துல திரும்புதோ, அந்தக் காரியத்தைப் பிள்ளை தன் கையால செய்யட்டும். அச்சடிச்ச படத்துக்குக் கலர் அடிக்கறதை நான் இந்தக் கணக்குல சேர்க்க மாட்டேன்.

இன்னைக்கு கிரீட் தீவுக் கதை. 5 வயசுல இருந்து 8 வயசு வரைக்கும் பொருந்தும். முதல்ல கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். கிரீட் ராஜா மைனாஸ். அவருக்காக டெடலஸ்ங்கற கைவினைஞர் உள்ள போனா வெளிய வர முடியாத ஒரு கட்டடம் கட்டறார், அதுதான் லாபிரிந்த். அதுக்குள்ள மினோடார், மாட்டுத் தலையும் மனுச உடம்பும். ஏதென்ஸ்ல இருந்து 7 பையன்கள், 7 பொண்ணுங்களை அதுக்கு இரையா அனுப்பணும். இளவரசன் தீசியஸ் தானே முன்வந்து போறான். மைனாஸோட மக அரியாட்னி அவன் கையில ஒரு நூல்கண்டு குடுக்கறா. மினோடாரைக் கொன்னுட்டு, அந்த நூலாலதான் அவன் திரும்பி வர்றான். இந்தக் கதையில கைக்கு வேலை தர்ற இடம் மூணு இருக்கு: நூல், பாய், சிறகு.

நூல்ல ஆரம்பிப்போம். ஒரு அட்டைப்பெட்டியை வெட்டி 40க்கு 30 சென்டிமீட்டர்ல அடித்தளம் எடுத்துக்கங்க. பென்சிலால 5 சென்டிமீட்டர் கட்டம் போடுங்க, 8க்கு 6, மொத்தம் 48 கட்டம் வரும். இப்போ சுவரை வரையாதீங்க. சுவர்ல ஆரம்பிச்சா வழி எங்கயாவது அடைச்சுக்கும், அப்புறம் ஒட்டினதைப் பிய்க்கணும். முதல்ல வாசல்ல இருந்து நடு வரைக்கும் சரியான வழியை, 15 கட்டம் போல, ஒரே கோடா இழுங்க. அதுல இருந்து முட்டுச்சந்துகளைப் பிரிங்க. 5 வயசுக்கு 3 போதும், 8 வயசுக்கு 6, 7 தாங்கும். மிச்சக் கட்டத்தைச் சும்மா விட்டுடலாம். வழிக் கோடு கடக்காத விளிம்பு எல்லாம் சுவர்.

சுவருக்கு அதே அட்டையில 4 சென்டிமீட்டர் அகலப் பட்டை. அதுல 1 சென்டிமீட்டரைக் கீழ மடிச்சு, அந்த மடிப்புல பசை தடவி ஒட்டுங்க. அப்போ சுவர் 3 சென்டிமீட்டர் உயரம் நிக்கும். பட்டையை மடிக்காம நட்டுக்குத்தா விளிம்புல ஒட்டினா, பிள்ளை கை பட்டதுமே சாஞ்சிடும். ஃபெவிக்கால் முழுசா இறுக ராத்திரி முழுக்க விடணும், அதனால சுவர் வேலையை முந்தின நாளே முடிச்சிடுங்க. மூலைகள்ல செல்லோ டேப் ஒட்டுங்க. வெட்டின அட்டை விளிம்பு சொரசொரன்னு இருக்கும், உல்லன் நூல் அதுல சிக்கும்.

இந்த மாதிரி பெட்டி நிறைய பேர் செய்யறாங்க, ஆனா பெரும்பாலும் ஒரு இடத்துல கோட்டை விட்டுடறாங்க. பிள்ளை மேல இருந்து பார்த்தா எல்லா வழியும் தெரியுது. வழி தெரியும்போது நூல் எதுக்கு? அரியாட்னி குடுத்த நூலே வீணாப் போயிடுது. அதனால பெட்டி மேல ஒரு துப்பட்டாவோ பழைய துண்டோ போட்டு மூடிடுங்க. பிள்ளை வாசல் பக்கம் கையை நுழைச்சு, தடவித் தடவி மட்டும் போகணும். நடுவுல களிமண்ணுல பிடிச்ச ஒரு மினோடார் இருக்கட்டும். முதல் சுத்து நூல் இல்லாம. உள்ள போய் மினோடாரைத் தொடச் சொல்லுங்க, தொட்டதும், துணிக்கடியிலயே கையைத் தூக்காம, வந்த வழியாவே திரும்பச் சொல்லுங்க. திரும்பும்போதுதான் தடுமாறும். அந்த இடத்துல கதையை நிறுத்தி, "அரியாட்னி ஒண்ணு குடுத்தா"ன்னு நூலை எடுங்க.

நூல் 2 மீட்டர் போதும். கண்டாக் குடுத்தா ஒரே இழுப்புல அவிழ்ந்துடும், அதனால பாதி ஐஸ் குச்சியில சுத்திக் குடுங்க. ஒரு முனையை வாசல்ல குத்தின ஓட்டையில கட்டுங்க. உள்ள போகப் போக குச்சியில இருந்து நூலை விட்டுக்கிட்டே போகணும். முட்டுச்சந்துல மாட்டினா, பின்னாடி வரும்போது நூலைத் திருப்பிச் சுத்தணும். சுத்தாம வந்தா அந்தச் சந்துல நூல் ரெண்டு வரிசையா கிடக்கும். விரல் பட்டா, "ஒரு இடத்துல ரெண்டு நூல் இருந்தா என்ன அர்த்தம்?"னு கேளுங்க. "ஏற்கெனவே வந்த சந்து"ன்னு 7 வயசுக்காரங்க தானே கண்டுபிடிச்சிடுவாங்க. ஒண்ணு மட்டும் கவனம், நூலை விரல்ல இறுக்கிச் சுத்த விடாதீங்க.

இங்க ஒரு சுவாரஸ்யம். கிரீட்ல நோசோஸ்னு ஒரு ஊர். 1900ல ஆர்தர் எவன்ஸ் அங்க தோண்ட ஆரம்பிச்சு பெரிய அரண்மனை ஒண்ணை வெளிய கொண்டுவந்தார். அந்த ஊரோட பழைய வெள்ளிக் காசுகள்ல லாபிரிந்த் படம் இருக்கு. அதுல முட்டுச்சந்தே கிடையாது, ஒரே வழி, 7 சுத்துச் சுத்தி நடுவுக்குப் போயிடும். பிள்ளைங்களுக்கு அதை வரையவும் சொல்லித் தரணும். கோலம் போடற வீட்டுப் பிள்ளைங்க கை இதுல சட்டுனு பழகிடும்.

முதல்ல ஒரு கூட்டல் குறி. அதோட நாலு கைகளுக்கு நடுவுல நாலு மூலை, ஒவ்வொண்ணுலயும் ஒரு ட வடிவ மடக்குக் கோடு, மடக்கு கூட்டலோட நடுவைப் பார்த்த மாதிரி. நாலு வெளி மூலைக்கும் ஒரு புள்ளி. இப்போ கூட்டலோட மேல் நுனியில இருந்து வலது பக்கம் அடுத்து இருக்கற மடக்கோட மேல் நுனிக்கு ஒரு சின்ன வில். அடுத்து இடது பக்கம் அடுத்த நுனி, அதுல இருந்து முதல் வில்லைத் தாண்டி வலது பக்கம் அடுத்த நுனி, அதாவது மேல் வலது புள்ளி. இப்படியே இடதுல ஒண்ணு, வலதுல ஒண்ணுன்னு ரெண்டு பக்கமும் இறங்கிக்கிட்டே வாங்க. 8 வில் போட்டதும் எல்லா நுனியும் தீர்ந்துடும். ஒரு நுனி மிச்சம் இருந்தா நடுவுல எங்கயோ ஒண்ணைத் தாண்டிட்டீங்கன்னு அர்த்தம்.

கெட்டுப் போறது அனேகமா அளவுலதான். கூட்டலைத் தாள் நடுவுல பெருசாப் போட்டா மேல வில்லுக்கு இடமே இருக்காது. நுனிக்கு நுனி 1 சென்டிமீட்டர் இடைவெளி விட்டா மொத்த அகலம் 15 சென்டிமீட்டர் வரும், ஏ4 தாள்ல அடங்கும். விரலால வழி பிடிச்சுப் போகணும்னா 2 சென்டிமீட்டர் இடைவெளி, முழு சார்ட் தாள். மொட்டை மாடியில சாக்பீஸால போட்டு நடக்கணும்னா 30 சென்டிமீட்டர் இடைவெளி, நாலரை மீட்டர் இடம். எதுல போட்டாலும் கூட்டல் கீழ்ப் பாதியில இருக்கணும். நம்ம பக்கம் ஹளேபீடு கோயில்ல சக்கரவியூகத்தை இதே மாதிரி சுத்துப்பாதையா செதுக்கி இருக்காங்க. அபிமன்யு கதை தெரிஞ்ச பிள்ளை, "அவனுக்கும் வெளிய வரத் தெரியாதே"ன்னு கேட்கும். கேட்கட்டும், ரெண்டு கதையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பேசுங்க.

அடுத்தது பாய். இது சின்ன வேலைதான். காகிதக் கப்பல் ஒண்ணு, குச்சியில கருப்புப் பாய், தனியா ஒரு வெள்ளைப் பாய். ஜெயிச்சா வெள்ளைப் பாய் கட்டிட்டு வர்றேன்னு தீசியஸ் அப்பா ஏகியஸ் கிட்ட சொல்லிட்டுப் போனான். லாபிரிந்த் விளையாட்டு தொடங்கறதுக்கு முன்னாடியே, "முடிஞ்சதும் பாயை மாத்தணும்"னு ஒரே ஒரு தடவை சொல்லிடுங்க, அப்புறம் ஞாபகப்படுத்தாதீங்க. விளையாட்டு மும்முரத்துல மறந்துட்டா, தீசியஸும் இப்படித்தான் மறந்தான்னு சொல்லுங்க. கருப்புப் பாயைப் பார்த்த அப்பா மகன் செத்துட்டான்னு நினைச்சுக் கடல்ல விழுந்துட்டார், அந்தக் கடலுக்கு ஏகியன்னு பேர். சாவை ஒளிக்க வேணாம், மாத்திச் சொல்லவும் வேணாம். ஒரே வாக்கியத்துல சொல்லிட்டு, பிள்ளை கேட்டா மட்டும் மேல பேசுங்க. மறக்காம மாத்தின பிள்ளையை, "நீ தீசியஸா இருந்திருந்தா அப்பா பிழைச்சிருப்பார்"னு மனசாரப் பாராட்டுங்க.

சிறகுக்கு வருவோம். தீசியஸ் தப்பிச்ச அப்புறம் டெடலஸும் அவர் மகன் இகாரஸும் கிரீட்ல சிறைப்படறாங்க. இறகுகளை மெழுகால ஒட்டிச் சிறகு செய்யறார் டெடலஸ். மகனுக்கு அவர் சொன்ன எச்சரிக்கை ரெண்டு. மேல போகாதே, வெயில்ல மெழுகு உருகிடும். கீழயும் போகாதே, கடல் தண்ணி பட்டு இறகு கனத்துடும். இகாரஸ் பேச்சைக் கேட்காம மேல பறந்தான், மெழுகு உருகிக் கடல்ல விழுந்துட்டான். ரெண்டாவதை முக்காவாசி பேர் சொல்றதே இல்ல. என்னைக் கேட்டா கதையோட உயிர் ரெண்டையும் சேர்த்துப் பார்க்கறதுலதான் இருக்கு, அதனால ரெண்டையும் செஞ்சு காட்டுங்க.

இறகுக்குத் தாள்: 12க்கு 4 சென்டிமீட்டர் இலை வடிவம், ரெண்டு ஓரமும் சாய்வா நறுக்கினது, 10 போதும். மெழுகு வேலை முழுக்கப் பெரியவங்க கையில. சாதாரண மெழுகுவத்தித் துண்டை ஒரு சின்னக் கிண்ணத்துல போட்டு, கொதிக்கற தண்ணிப் பாத்திரத்துக்குள்ள கிண்ணத்தை வெச்சு உருக்குங்க. நேரா அடுப்புல வைக்கக் கூடாது, சூடு ஏறினா மெழுகு தீப்பிடிக்கும். சிறகு வடிவ அட்டையில ஒரு ஸ்பூன் ஊத்திட்டு, உடனே இறகோட அடியை அழுத்துங்க. சில நொடி தாமதிச்சாலும் இறுகிடும், ஒட்டாது. ஊத்தறது நீங்க, ஆறினதும் சிறகைப் பிடிச்சு ஆட்டிப் பார்க்கறது பிள்ளை.

அப்புறம் சிறகைச் செங்குத்தாப் பிடிச்சுக்கிட்டு, முடி காய வைக்கற ட்ரையரை 15 சென்டிமீட்டர் தள்ளிக் காட்டுங்க. வெப்பம் அதிகம், காத்து வேகம் குறைவு. வேகத்தைக் கூட்டினா மெழுகு உருகறதுக்கு முன்னாடியே காத்து இறகைப் பிய்ச்சிடும், அப்போ பிள்ளை காத்துதான் காரணம்னு நினைச்சுக்கும். உருகின மெழுகு சொட்டும், கீழ செய்தித்தாள் விரிச்சு பிள்ளையைத் தள்ளி உக்கார வைங்க. தண்ணிக்கு, மெழுகு படாத தாள் இறகு 10 எடுத்து சமையல் தராசுல நிறுங்க, ஸ்ப்ரேயரால நனைச்சுத் திரும்ப நிறுங்க. எண் ஏறறதைப் பிள்ளையே வாசிக்கட்டும்.

8 வயசுல ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: "மலை மேல குளிரும்ல, அப்போ மேல போனா மெழுகு எப்படி உருகும்?" நல்ல கேள்வி, மழுப்பாதீங்க. ஒரு கிலோமீட்டர் ஏறினா சராசரியா 6.5 டிகிரி குறையுது, நிஜத்துல மெழுகு இறுகத்தான் செய்யும். கதையில சூரியன் பக்கத்துல இருக்கு, நம்ம வானத்துல ரொம்ப தூரத்துல இருக்குன்னு சொல்லுங்க. இகாரஸ் விழுந்த இடம் பக்கத்துல இருக்கற தீவுக்கு இன்னைக்கும் இகாரியான்னுதான் பேர், வரைபடத்துல காட்டுங்க.

கடைசியா, பிள்ளை இந்தக் கதையைத் தானே சொல்லணும், அதுக்கு ஒரு பானை. கிரேக்கர்கள் இந்தக் கதைகளைப் பானையிலதான் வரைஞ்சாங்க. பிளாரன்ஸ் தொல்பொருள் மியூசியத்துல பிரான்சுவா ஜாடின்னு ஒண்ணு இருக்கு, கி.மு. 570 வாக்குல செஞ்சது. அதுல தீசியஸும் அந்த 14 பேரும் கைகோத்து ஆடற காட்சி இருக்கு, ஆளுங்க பக்கத்துல பேரும் எழுதி இருக்கு.

4 அங்குலச் செம்மண் பூந்தொட்டி ஒண்ணு எடுங்க, வெள்ளை மெழுகுவத்தியை அது மேல லேசாத் தேயுங்க. தேய்க்காம விட்டா மண்ணு பெயிண்டை உறிஞ்சிடும், கீற முடியாது. கருப்பு போஸ்டர் கலர் 2 ஸ்பூன்ல பாத்திரம் கழுவற சோப்பு 3 சொட்டு கலந்துக்கங்க, சோப்பு இல்லன்னா மெழுகு மேல பெயிண்ட் முத்து முத்தா உருண்டுடும். தொட்டி முழுக்கக் கருப்பு அடிக்க வேணாம். அந்தப் பாணியில ஆள் உருவம் மட்டும்தான் கருப்பு, பின்னாடி மண்ணோட நிறம் அப்படியே தெரியும். உருவம் காஞ்சதும் பல்குச்சியால கண்ணு, முடி, துணி மடிப்பைக் கீறணும். ஈரத்துல கீறினா இழுவும், கெட்டியா அடிச்சிருந்தா பொரிப்பொரியா உதிரும். பேரைத் தமிழ்லயே பக்கத்துல எழுதச் சொல்லுங்க. இந்தக் கலர் தண்ணி பட்டாப் போயிடும், அதனால செடி வைக்காதீங்க, பென்சில் போட்டு வைக்கலாம்.

அடுத்த வீடியோ அராக்னி கதை, அதெனாங்கற பெண் தெய்வத்தோட நெசவுப் போட்டி போட்டவ. அதுக்கு 20க்கு 15 சென்டிமீட்டர் கெட்டி அட்டை ஒண்ணு, ரெண்டு கலர் உல்லன் நூல், முனை மழுங்கின பெரிய ஊசி ஒண்ணு எடுத்து வைங்க. அட்டையோட மேலயும் கீழயும் 1 சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு, மொத்தம் ஒற்றைப்படை எண்ணிக்கையில வர்ற மாதிரி இப்பவே போட்டு வெச்சிடுங்க.